முன்வரிசை நாற்காலி

கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று ஊரெல்லாம் சொல்லும். உண்மைதான். முட்டி வலி வந்த பிறகு அந்த மரியாதையின் உருவமே எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான்கு கால், இரண்டு கை, சிவப்பு நிறம், பிளாஸ்டிக். போகிற இடமெல்லாம் யாராவது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "உக்காருங்க அம்மணி, உக்காருங்க. நீங்க ஏனுங்க நிக்கோணும்?" கல்யாண மண்டபத்தில், ரேஷன் கடையில், வளைகாப்பு வீட்டில். எழவு வீட்டிலும் விடுவதில்லை. செத்தவருக்கு மாலை வருவதற்குள் எனக்கு நாற்காலி வந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். சரவணம்பட்டியில் வீடு, இரண்டு பஸ் மாறிப் போனால் பள்ளி. இருபத்தெட்டு வருஷமாக நின்றே சம்பளம் வாங்குகிறேன். வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துகிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. அதை அவர்களிடமே சொல்லியும் இருக்கிறேன். அப்படிப் பேசியவளுக்கு ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் படியில் இடது காலை வைத்தபோது முட்டிக்குள் சுருக்கென்றது. சாயங்காலம் இறங்கும்போது மறுபடியும் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு படியிலும் அது என்னோடு ஏறி என்னோடு இறங்கியது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்கள். நான் முட்டியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தேய்மானம், ஐம்பதைத் தாண்டினால் வருவதுதான், மூன்று வாரம் ஓய்வு எடுங்கள் என்றார். அவர் சொன்னது மூன்று வாரம். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ரிப்பேருக்கு வந்த பம்பைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"பேரிங் போயிருச்சு அம்மணி," என்றார். "தேஞ்ச பேரிங்க ஓட்டிக்கிட்டே இருந்தா ஷாஃப்டும் சேந்து போயிரும். மொதல்ல ஆஃப் பண்ணோணும்."

அவர் மட்டுமா? என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெக்கானிக்குகள். மில்லில் ஃபிட்டராக இருந்த பக்கத்து வீட்டுக்காரர், "கிரீஸ் வத்திப்போச்சுங்க," என்றார். லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர், "புஷ் மாத்திப்போட்டா சரியாயிருமுங்க," என்றார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இயந்திரம்தான் சோறு போடுகிறது. மனுஷ உடம்பையும் கழற்றி மாட்டிவிடலாம் என்றே நினைப்பார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ஓட்டாதீர்கள், நிறுத்தி வையுங்கள்.

நிறுத்தி வைத்தார்கள். மூன்று வாரம் விடுப்பு, அதன் பிறகு கோடை விடுமுறை, ஆக மொத்தம் மூன்று மாதம் உட்கார்ந்தேன். அவரே சமைத்தார். முடக்கத்தான் தோசை, ஆட்டுக்கால் சூப்பு, எருக்கிலை ஒத்தடம், மூன்று வகைத் தைலம். குறை சொல்லக் கூடாது, மனுஷன் ஒன்றையும் விடவில்லை. முட்டியும் என்னை விடவில்லை. உட்கார்ந்திருந்தாலும் நோகும், படுத்தாலும் நோகும், எழுந்தால் கேட்கவே வேண்டாம். முதல் மாதம் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேன். இரண்டாம் மாதம் சுவரையும் சேர்த்துப் பிடித்தேன். மூன்றாம் மாதம் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. "நல்லா ரெஸ்ட் எடு, சரியாப் போயிரும்," என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிடுவார்.

ஒரு நாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தவர், மடித்த துணிகளை என் மடியில் வைத்து, "சித்த புடிச்சுக்க அம்மணி, பீரோவத் தொறந்துபோட்டு வாரேன்," என்றார். நான் வீல் என்று கத்திவிட்டேன். முட்டியில் பட்டுவிட்டது என்று பயந்து போனார் பாவம். முட்டியில் படவில்லை.

என் அம்மாவுக்கும் முட்டி வலி. அறுபத்தோரு வயதில், தொண்டாமுத்தூர் வீட்டில், எல்லாரும் சொன்னார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் காய் நறுக்கினாள். அப்புறம் கத்தியை வாங்கிக்கொண்டார்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று. வீட்டுக்கு வருகிறவர்கள் பையை அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போன ஒரு நாள், விடைத்தாள் கட்டை அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே காபி குடிக்கப் போனேன். அப்படியே பத்து வருஷம் இருந்து செத்துப்போனாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

மறுநாளே ஆட்டோ பிடித்து ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. முட்டி வலிக்காரர்களுக்கு மாடியில் வைத்தியம். வைத்தவர் மகராசனாக இருக்கட்டும். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு என்று ஏறிப் போனேன். உள்ளே என் மாணவி வயதில் ஒரு பெண். தையற்காரர் டேப்பை எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தாள்.

"எடது தொடை ரெண்டு சென்டிமீட்டர் கம்மியா இருக்குதுங்க மேடம். எத்தனை நாளா உக்காந்தே இருக்கறீங்க?"

"மூணு மாசம்."

"அதானுங்க."

வீட்டுக்காரர் சொன்ன பேரிங் கதையை அவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, தினமும் கேட்கிற கதை போலிருக்கிறது. "பேரிங்க ஓட்டுனாத் தேயுமுங்க மேடம். சதைய ஓட்டாட்டித்தான் தேயும். முட்டியத் தாங்கறதே இந்தச் சதைதான். அதக் கரைச்சுபோட்டு வந்திருக்கறீங்க."

இருபத்தெட்டு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். தசையைப் பற்றி எட்டாம் வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வலி முழுதாகப் போய்விடுமா என்று கேட்டேன். போகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வலியோடு நடக்கிற பலம் வரும் என்றாள். அவள் பொய் சொல்லாதது பிடித்திருந்தது.

காலை நீட்டித் தூக்குவது, கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்குவது என்று நாலைந்து பயிற்சிகள் கொடுத்தாள். கடைசிப் பயிற்சிக்கு வேண்டிய சாமான் ஒரு நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று உட்கார வேண்டும். பத்து முறை. முதல் நாள் இரண்டு முறைக்கு மேல் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் நின்று, "வேண்டாம் அம்மணி, ஷாஃப்ட் போயிரும்," என்றார். ஷாஃப்ட் போனால் போகட்டும் என்றேன். ஆடி முடிவதற்குள் பத்து வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏற முடிந்தது. வகுப்பில் மறுபடி நின்றேன். வலி இருந்தது. அதுபாட்டுக்கு இருந்தது; நான்பாட்டுக்கு இருந்தேன்.

தை மாதத்தில் எதிர்வீட்டு அம்மணி ஒரு நோட்டீஸோடு வந்தாள். எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் மைதானத்தில் வள்ளிக்கும்மி பழகப் போகிறார்கள், பங்குனியில் அரங்கேற்றம். கொங்கு நாட்டில் இப்போது தெருவுக்குத் தெரு வள்ளிக்கும்மிதான். வாத்தியார் பம்பை மேளச் சத்தத்தோடு வள்ளி கதையைப் பாட, சின்னவர் பெரியவர் என்று நூற்றுக்கணக்கான பேர், வட்டத்துக்குள் வட்டமாக நின்று கைதட்டி ஆடுவார்கள். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் லேப்டாப் பையோடு வந்து ஆடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மணி என்னிடம் நோட்டீஸைக் கொடுத்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான். "என் பேரையும் எழுதிக்கோ," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முட்டியைப் பார்த்தாள். மரியாதைக்கு எழுதிக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பயிற்சி. பெரியவர்களுக்கு வெளி வட்டம். நாலு அடி முன்னே, குனிந்து ஒரு தட்டு, திரும்பி ஒரு தட்டு, ஒரு குதி. குதிக்காதே என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள், அதனால் அந்த இடத்தில் நான் குதிகாலை மட்டும் தூக்கி வைப்பேன். அது பரவாயில்லை. ஓட்டம்தான் சிக்கல். வெளி வட்டம் பெரிது. எட்டிப் போட்டால்தான் முன்னே போகிறவளைப் பிடிக்க முடியும். எனக்கு முன்னால் இடைவெளி விழுந்துகொண்டே இருக்கும். வாத்தியார் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "டீச்சருங்க, சித்த உக்காந்து பாத்தீங்கன்னா அடி நல்லா வெளங்குமுங்க," என்பார். விளங்கிவிட்டதுங்க என்பேன்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் திரும்பும்போது முட்டி பிசகிக்கொண்டது. மதில் மேல் கை வைத்துக்கொண்டே வீடு வந்தேன். வீட்டுக்காரர் இந்த முறை ஷாஃப்ட் பேச்சை எடுக்காமல் ஐஸ் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி மைதானத்துக்குப் போனேன். எல்லாரும் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால், கோவில் மண்டபத்தில் சேலை கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி, கிளிப்பச்சையில் சிவப்புக் கரை. உறை மேல் பேர் எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்று நின்று கடைசியில் மேஜை காலியானது. எனக்குச் சேலை இல்லை.

எதிர்வீட்டு அம்மணி வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் செரமம்? வருசம் பூரா நிக்கறவங்க நீங்க. உங்களுக்கு மொத வரிசைல சேர் போட்டு பேரெழுதி ஒட்டப்போறோமுங்க. உங்க வீட்டு சார்தான் வந்து சொல்லிப்போட்டுப் போனாரு, டீச்சர் ஆடமாட்டாங்கன்னு."

முட்டி பிசகிய நாளிலிருந்தே மைதானத்தில் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்கிறது. நான் குனிந்து நிமிர்ந்து தட்டிக்கொண்டிருக்க, பாவம், ஆசைக்கு ஆடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். மூஞ்சிக்கு நேரே ஒருத்தராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து அவரோடு போட்டேன்.

"ஏனுங்க, என்னக் கேக்காம என் பேர அடிக்க நீங்க யாருங்க?"

அவர் டி.வி.யை நிறுத்தினார். "நீ தூக்கத்துல மொனகற அம்மணி. உனக்குத் தெரியாது. எனக்குத்தான கேக்குது. எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டே கெடக்கறது?"

எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை விடவில்லை. "மொனகுனா மொனகறேன். எந்திரிச்சு நடக்கறவ மொனகல் அது. எங்கம்மா மொனகவே இல்லைங்க. பத்து வருசம் சத்தமே இல்லாம உக்காந்திருந்தா. அது உங்களுக்குச் சௌரியமா இருக்குமா?"

அவர் டி.வி.யை மறுபடி போடவில்லை. நானும் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு தாளில் வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். வெளி வட்டத்துக்கு ஆரம் இவ்வளவு, உள் வட்டத்துக்கு இவ்வளவு. ஆரம் குறைந்தால் சுற்றளவு குறையும். அதே பாட்டு, அதே அடிகள், நடக்கும் தூரம் மட்டும் பாதிக்கும் கீழே. உள் வட்டம் சின்னப் பிள்ளைகளுடையது. "என்ன அங்க நிறுத்துங்க," என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் ரெண்டாவது, மூணாவது படிக்கற புள்ளைங்க. நீங்க அதுக்கு நடுவுல நின்னா... பாக்கறவங்க என்னமோ நெனப்பாங்களுங்க."

"நெனச்சுக்கட்டுமுங்க. வட்டம் ஒடையாதுல்ல?"

அவர் யோசித்தார். ஒடையாதுங்க என்றார்.

ஒரு வாரம் பிள்ளைகளோடு பழகினேன். இடுப்பு உயரத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து உருப்படிகள். அவர்களுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இல்லை, நான் ஆடுகிற தப்புதான் கண்ணில் பட்டது. "மிஸ், நீங்க லேட்டு." "மிஸ், எடது பக்கம் திரும்போணும்." எனக்குப் பின்னால் ஆடிய எட்டு வயதுப் பெண் முதல் நாளே கேட்டுவிட்டது. "நீங்க ஏன் மிஸ் குதிக்கறதில்ல?" முட்டி வலி என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, உங்குளுதையும் நானே சேத்துக் குதிச்சுக்கறேன்," என்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குதியிலும் இரண்டு குதி குதித்தது. இந்த ஒரு வருஷத்தில் யாரும் எனக்கு இவ்வளவு உபயோகமான உதவி செய்யவில்லை.

அரங்கேற்றத்தன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பம். பச்சைச் சேலைக்கு நான் எங்கே போவேன்? அறிவியல் கண்காட்சிக்கு எடுத்த வாடாமல்லி நிறச் சேலையைக் கட்டிக்கொண்டேன். மைதானம் முழுக்கப் பச்சை. நடுவில், பிள்ளைகளுக்கு மத்தியில் நான் ஒருத்தி வாடாமல்லி. யார் எது நினைத்தாலும் ஒளிந்துகொள்ள வழியில்லை. முதல் வரிசையில் அந்த நாற்காலி இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக். முதுகில் 'டீச்சர்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. முழுதாக ஆடினேன் என்று சொன்னால் பொய். வள்ளியைத் தேடி முருகன் தினைப்புனத்துக்கு வருகிற இடத்தில் பாட்டு வேகமாகும். அங்கே திரும்பும்போது முட்டிக்குள் கத்தி இறங்கியது போல இருந்தது. கால் மடங்கிவிட்டது. பின்னால் வந்த பெண் என் இடுப்பில் மோதி நின்றது. பம்பை நிற்கவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தால், வீட்டுக்காரர் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே வருகிறார். பச்சை வட்டம் அவருக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது. எல்லா முகத்திலும் அந்த அன்பு. வந்துவிட்டது, அந்த நாற்காலி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நொடி உட்கார்ந்துவிடலாம் என்றுகூட இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அவ்வளவு வலி.

வட்டத்துக்குள் நாலு எட்டு வைத்துப் பம்பைக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நின்ற இடத்திலேயே கைதட்டினேன். பிள்ளைகள் இடைவெளியை மூடிக்கொண்டு என்னைச் சுற்றி ஆடினார்கள். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் நடுமைதானத்தில் நாற்காலியும் கையுமாக நின்றார். நான் பார்வையை எடுக்கவில்லை. வகுப்பில் ஒருவனை எழுப்பி நிற்க வைக்கிற பார்வை அது. வீட்டில் அதுவரை உபயோகித்ததில்லை. அவர் திரும்பி நடந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். 'டீச்சர்' என்று ஒட்டியிருந்த தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதில் அவரே உட்கார்ந்தார்.

அடுத்த பாட்டுக்கு மறுபடி வட்டத்தில் சேர்ந்தேன். அந்தப் பெண் எனக்கு இடம் வைத்திருந்தது. அன்று கடைசிப் பாட்டுவரை ஆடினேன். யாரும் கைதட்டிப் பாராட்டவில்லை. பிள்ளைகளுக்குத்தான் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது, உள் வட்டம் என்பதால்.

மறுநாள் முட்டி வீங்கிவிட்டது. பள்ளிக்கு விடுப்பு எடுக்கவில்லை. ஆனால் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். பிசியோதெரபிப் பெண் போனில் திட்டினாள், மூன்று நாள் ஐஸ் வைக்கச் சொன்னாள், நாலாம் நாளிலிருந்து பழையபடி ஆரம்பிக்கச் சொன்னாள். இன்றுவரை வலி போகவில்லை. போகும் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

தினமும் காலையில் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருகிறேன். முன்பெல்லாம் வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்பவர், இப்போது எதிரில் காபியோடு உட்கார்ந்து எண்ணுகிறார். கம்பெனியில் பம்புகளை எண்ணிய குரல், ஒன்றும் தப்பாது. இன்று காலையும் எண்ணினார்.

"எட்டு... ஒம்போது... பத்து. பத்தாச்சு அம்மணி. போதும், உக்காரு."

எழுந்தேன்.